கம்ப்யூட்டர் மூணு, கணக்கு ஒண்ணு!

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேசப்போகும் விஷயத்தைத் தலைவி அக்கா மைக்கில் சொன்னதும் உங்களில் பல பேர் சிரித்தீர்கள். "கம்ப்யூட்டரா? அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கற பொண்ணுங்க பாத்துக்குவாங்க, நமக்கு எதுக்கு?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா சொன்னதும் என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளே இருப்பது யாருடைய கணக்கு? நீங்கள் களையெடுத்து, பீடி சுற்றி, பால் ஊற்றிச் சம்பாதித்து, முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கட்டிய சேமிப்பு. உங்கள் கடன், உங்கள் தவணை, உங்கள் பெயர். அதனால் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் குழுக்களுக்கு ஐந்து கொள்கை உண்டு. எல்லோருக்கும் மனப்பாடம். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன் கொடுப்பது, காலத்தில் திருப்பிச் செலுத்துவது, ஐந்தாவது முறையான பதிவேடு. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களோடு வங்கி இணைப்புத் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியது. நிலம் இல்லை, நகை இல்லை, ஈடு என்று காட்ட ஒன்றுமில்லாத பெண்களுக்கு வங்கி கடன் கொடுத்தது. எதை நம்பி? அந்தப் பெண்களின் ஒற்றுமையையும் அவர்கள் எழுதி வைத்த கணக்கையும் நம்பித்தான். அப்படியென்றால் நம்முடைய பதிவேடுதான் நமக்குச் சொத்து. அந்தச் சொத்து இப்போது நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்திருக்கிறது.

இதுவரை நம் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. கணக்காளர் மட்டும்தான் பதிவு செய்தார். இந்த மாதம் முதல் இன்னும் இரண்டு வருகிறது. இனிமேல் கணக்காளர், தகவல் பதிவாளர், நான் என்று மூன்று பேர் ஒரே கணக்கில் வேலை செய்யப் போகிறோம். வேலை சீக்கிரம் முடியும், சந்தோஷம்தான். ஆனால் மூன்று பேர் ஒரு கணக்கில் கை வைப்பதற்கு ஒரு முறை வேண்டும். முறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் செய்த தப்பையே சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு நான் வேறொரு கூட்டமைப்பில் வேலை பார்த்தேன். அங்கே இரண்டு கம்ப்யூட்டர். உறுப்பினர் சேமிப்பு, கடன் எல்லாம் மைக்ரோசாப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸில் இருந்தது. டேட்டாபேஸ் என்றால் வேறொன்றும் இல்லை, ஒன்றோடு ஒன்று தொடர்புள்ள பல பேரேடுகளை ஒரே கோப்பில் வைத்திருக்கும் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசி. வங்கிக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். ரசீது மலைபோல் குவிந்து கிடந்தது. கணக்காளர் ஒருவரால் முடியவில்லை. நான் என்ன செய்தேன்? அந்தக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து இரண்டாவது கம்ப்யூட்டரில் போட்டேன். "நீ இதுல பதிவு பண்ணும்மா, அக்கா அதுல பண்ணட்டும்" என்று இன்னொரு பெண்ணை உட்கார வைத்தேன். இரண்டு நாள் இரண்டு பேரும் பதிவு செய்தார்கள்.

மூன்றாம் நாள் இரண்டாவது கம்ப்யூட்டரில் இருந்த கோப்பைக் கொண்டுவந்து முதல் கம்ப்யூட்டரில் போட்டேன். "இதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, மாற்றட்டுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவசரத்தில் "ஆம்" என்று அழுத்திவிட்டேன். அவ்வளவுதான். கணக்காளர் இரண்டு நாள் உட்கார்ந்து பதிவு செய்தது எல்லாம் போய்விட்டது. திரையில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருந்தது. அதனால் யாருக்கும் தெரியவில்லை. பட்டியல் வங்கிக்குப் போய்விட்டது.

பத்து நாள் கழித்து ஒரு அக்கா மஞ்சள் பையில் பாஸ் புத்தகத்தோடு வந்து நின்றார். அவர் இரண்டு தவணை பாக்கி என்று பட்டியலில் இருந்ததாம். அதனால் அந்தக் குழுவின் கடன் மனுவையே வங்கியில் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். கடன் வரும் என்று நம்பி அவர் ஒரு கறவை மாட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தார். பாஸ் புத்தகத்தைப் பார்த்தேன். இரண்டு தவணையும் தேதி போட்டு, கையெழுத்தோடு இருந்தது.

"பத்து வருஷத்துல ஒரு தவணை தவறினதில்ல மேடம். மாடு போனா இன்னொரு மாடு வாங்கிக்கலாம். கூட்டத்துல எல்லாரும் என்னையே பாத்தாங்களே, தலை குனிஞ்சு உக்காந்திருந்தேனே, அதை யாரு திருப்பித் தருவாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ரசீதுப் புத்தகத்தை வைத்து எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்ய மூன்று நாள் ஆனது. அந்தக் குழுவின் கூட்டத்துக்கே போய், எல்லோர் முன்னாலும் தப்பு என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கடன் பிறகு கிடைத்தது. ஆனால் அதற்குள் அந்த மாட்டை வேறு ஆள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

தப்பு கம்ப்யூட்டருடையது இல்லை சகோதரிகளே. ஒரே கணக்குக்கு இரண்டு புத்தகம் போட்டதுதான் தப்பு. ஒரு குழுவில் ஊக்குநர் ஒரு நோட்டிலும் பிரதிநிதி இன்னொரு நோட்டிலும் சேமிப்பு எழுதினால் ஒத்துக்கொள்வீர்களா? "எது சரியான நோட்டு?" என்று கேட்க மாட்டீர்களா? பென் டிரைவில் நகல் எடுத்து ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்வதும் அதேதான்.

சரி, அப்போ எப்படிச் செய்வது? வீட்டில் அரிசிப் பானை ஒன்றுதான். பரிமாறும் கரண்டி ஆளுக்கு ஒன்று இருக்கலாம். டேட்டாபேஸையும் அப்படித்தான் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆக்சஸில் அதற்கு வசதி இருக்கிறது. கணக்கு இருக்கும் அட்டவணைகள் மட்டும் ஒரு கோப்பாக, ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும். அதுதான் அரிசிப் பானை. பதிவு செய்யும் படிவங்களும் அறிக்கைகளும் இன்னொரு கோப்பாக மூன்று கம்ப்யூட்டரிலும் தனித்தனியே இருக்கும். அது கரண்டி. யார் எந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பதிவு செய்தாலும் அது போய்ச் சேருவது ஒரே பானையில்தான்.

மூன்று கம்ப்யூட்டரையும் ஸ்விட்ச் என்ற சிறு பெட்டி வழியாக கேபிள் போட்டு இணைக்க வேண்டும். ஒயர் எதற்கு, வைஃபை போதாதா என்று கேட்கலாம். பதிவாகிக் கொண்டிருக்கும்போது நடுவில் இணைப்பு விட்டுப்போனால் ஆக்சஸ் கோப்பே கெட்டுப்போகலாம். அதனால் கேபிள்தான் நல்லது. மின்தடைக்குப் பயந்து கம்ப்யூட்டருக்கு மட்டும் யு.பி.எஸ். போடுகிறோம். அந்தச் சிறு பெட்டிக்கும் போட வேண்டும். அது அணைந்தாலும் இணைப்பு அறுந்துவிடும். இதேபோல, இன்டர்நெட்டில் தானாக நகல் எடுக்கும் கூகுள் டிரைவ் மாதிரியான இடத்தில் இந்தக் கோப்பை வைத்து மூன்று பேரும் திறக்கக் கூடாது. அது ஆளுக்கு ஒரு நகலை உண்டாக்கி, பழைய பென் டிரைவ் கதையாகிவிடும்.

இன்னொரு சந்தேகம் வரும். ஒரே உறுப்பினர் கணக்கை ஒரே நேரத்தில் இரண்டு பேர் திறந்தால்? ஒரு உதாரணம் பாருங்கள். ஒரு அக்காவின் சேமிப்பு இருப்பு 4,200 ரூபாய். கணக்காளர் திறந்து 100 ரூபாய் சேர்த்து 4,300 என்று மாற்றுகிறார். அதே நேரம் பதிவாளரும் 4,200-ஐப் பார்த்து 200 சேர்த்து 4,400 என்று மாற்றுகிறார். கடைசியாக யார் அழுத்தினாரோ அவர் எழுதியதுதான் நிற்கும். சரியான தொகை 4,500. நூறு ரூபாய் காணாமல் போய்விட்டது. யாரும் திருடவில்லை, ஆனாலும் போய்விட்டது!

இதற்கு இரண்டு மருந்து. முதலாவது, ஒருவர் ஒரு பதிவைத் திருத்திக் கொண்டிருக்கும்போது அடுத்தவர் அதைத் தொட முடியாதபடி பூட்டும் வசதி ஆக்சஸில் உண்டு. அதைப் போட்டு வைக்க வேண்டும். இரண்டாவது இதைவிட முக்கியம். இருப்புத் தொகையை அழித்து அழித்து எழுதவே கூடாது. ஒவ்வொரு ரசீதையும் தேதி, ரசீது எண், தொகை என்று தனி வரியாகப் பதிவு செய்ய வேண்டும். கூட்டிச் சொல்வது கம்ப்யூட்டர் வேலை. நூறுக்கு ஒரு வரி, இருநூறுக்கு ஒரு வரி. எதுவும் எதையும் அழிக்காது. பேரேட்டில் நாம் காலங்காலமாகச் செய்வதும் இதுதானே.

அடுத்தது, யாருக்கு என்ன உரிமை. குழுவின் வங்கிக் கணக்கை ஒருவர் மட்டும் இயக்க விடுகிறோமா? ஊக்குநர், பிரதிநிதிகள் என்று மூன்று பேரில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம். அதே எச்சரிக்கை இங்கேயும் வேண்டும். மூன்று பேருக்கும் தனித்தனி பெயர், தனித்தனி பாஸ்வேர்டு. ஒரே பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டி வைக்கக் கூடாது. 2007-லிருந்து வந்த புதுவகை ஆக்சஸ் கோப்பில் ஆளுக்கு ஆள் தனி உரிமை கொடுக்கும் வசதி இல்லை, கோப்பு முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்டுதான். அதனால் கம்ப்யூட்டருக்குள் நுழையும்போதே தனித்தனி பெயர் வைக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் பதிவு செய்தவர் பெயரும் நேரமும் விழும்படி படிவத்தை அமைக்க வேண்டும். தப்பாகப் பதிந்ததை அழிக்கக் கூடாது. நோட்டில் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறோமே, அதுபோலத் திருத்த வரி ஒன்று சேர்க்க வேண்டும்.

அந்தக் கோப்பில் உங்கள் ஆதார் எண், போன் நம்பர், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கிறது. தனிநபர் தகவலைப் பாதுகாக்க 2023-ல் மத்திய அரசு சட்டமே இயற்றியிருக்கிறது. அலுவலகத்துக்கு வந்து போகிறவர் எல்லாம் எட்டிப் பார்க்கும்படி அதைத் திறந்து வைக்கக் கூடாது.

கடைசியாகப் பேக்கப். தினமும் சாயங்காலம் மூன்று பேரும் கோப்பை மூடிய பிறகு, தேதி போட்டு ஒரு நகல் எடுக்க வேண்டும். வாரம் ஒரு நகல் அலுவலகத்துக்கு வெளியே, நிர்வாகக் குழு சொல்லும் இடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும். இந்த நகல் பாதுகாப்புக்கு மட்டும்தான். இதில் யாரும் பதிவு செய்யக் கூடாது. மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்க்கவும் வேண்டும். திறந்து பார்க்காத நகல், முளைக்குமா என்று பார்க்காத விதை நெல் மாதிரி.

நாளைக்கு ஊருக்கு ஊர் இருந்து இன்டர்நெட் வழியாகப் பதிவு செய்ய நினைத்தால் ஆக்சஸ் போதாது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் போன்ற சர்வர் வகை டேட்டாபேஸ் வேண்டும். அவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அமைத்துப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஓர் அலுவலகம், மூன்று கம்ப்யூட்டர் என்ற நம் நிலைக்கு இப்போது சொன்ன ஏற்பாடு போதும்.

சகோதரிகளே, இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம் ஆக வேண்டியதில்லை. அலுவலகத்துக்கு வரும்போது ஐந்து கேள்வி மட்டும் கேளுங்கள்.

1. எங்க கணக்கு எந்த கம்ப்யூட்டர்ல இருக்கு? ஒரே இடத்துல தானா?

2. என் கடைசி ரசீதைப் பதிவு பண்ணது யாரு, எப்போ? காட்டுங்க.

3. நேத்து நகல் எடுத்தீங்களா?

4. வெளியில வெச்ச நகலை கடைசியா எப்போ திறந்து பாத்தீங்க?

5. என் பாஸ் புத்தகமும் கம்ப்யூட்டரும் ஒத்துப் போகுதா?

ஐந்தாவது கேள்விதான் எல்லாவற்றுக்கும் தாய். அன்றைக்கு அந்த அக்காவைக் காப்பாற்றியது கம்ப்யூட்டர் இல்லை, மஞ்சள் பையில் இருந்த பாஸ் புத்தகம். பணம் கட்டின கையோடு அதில் எழுதி வாங்காமல் யாரும் கூட்டத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள். வங்கிக்குப் பட்டியல் அனுப்பும் முன்னால் அதைக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். தப்பு இருந்தால் நம் வீட்டுக்குள்ளேயே தெரியட்டும்.

ஆகவே, ஒரே இடத்தில் கணக்கு, தனித்தனி பாஸ்வேர்டு, தினசரி நகல், பட்டியலைப் படித்துக் காட்டுவது ஆகிய நான்கையும் இன்றைய தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டுமாய்ப் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அதை மீறினால் முதலில் என்னைக் கேளுங்கள்.