அலவன் வரியும் பாறை வரியும்



குறுந்தொகையின் 351ஆம் பாடலில் அம்மூவனார் ஒரு சிறு காட்சியை வைத்திருக்கிறார். அளையில் வாழும் அலவன் தன் கூரிய நகத்தால் ஈரமணலில் வரி கீறுகிறது. இடியென முழங்கி வரும் அலை அவ்வரியைச் சிதைத்துச் செல்கிறது. தோழி கூற்றில் இக்காட்சி தரும் பொருள் யாது என்பது உரையாசிரியர்களின் துறை. இன்றைய பேச்சு, அலை சிதைக்காமல் விட்ட வரிகளைப் பற்றியது. அத்தகையனவும் சில உண்டு. அவற்றைப் படிப்பதற்கென்றே நிலவியலில் ஒரு பிரிவு இருக்கிறது.

கீறிய வரி எவ்வாறு நிலைக்கிறது? அடுத்த அலை வருமுன்னரோ, அலையின் வேகம் எட்டாத ஆழத்திலோ, மெல்லிய சேறு அல்லது மணல் அதன்மேல் படிய வேண்டும். அப்படிவின்மேல் இன்னொரு படிவு, அதன்மேல் மற்றொன்று. மேற்சுமை அழுத்த, இடைநீர் கசிந்து வெளியேற, நீரில் கரைந்திருந்த சுண்ணமும் சிலிக்காவும் பசைபோல் மணலை இறுக்க, படிவு பாறையாகிறது. பின்னர் நிலம் உயர்ந்து, மழையும் காற்றும் அரித்து, அடுக்குகள் பிளக்கும்போது வரி வெளிப்படுகிறது. பல வேளைகளில் அது பள்ளமாகத் தெரிவதில்லை; மேலடுக்கின் அடிப்பக்கத்தில் புடைப்பாகத் தெரிகிறது. அச்சுக்கோப்பவர் எழுத்துகளைத் தலைகீழாகப் படிப்பதுபோல நிலவியலாளர் அதைப் படிக்க வேண்டும்.

எலும்பும் ஓடும் உடலின் எச்சங்கள். தடப் புதைபடிவம் எனப்படும் இவ்வரியோ ஒரு செயலின் எச்சம். ஒரே நண்டு நடந்தால் ஒரு வரி, தங்கினால் ஓர் அளை, இரை கிளறினால் வேறொரு கோலம். இனத்தால் வேறுபட்ட உயிர்கள் ஒரே வகைத் தடத்தை விட்டுச் செல்வதும் உண்டு. எனவே பெயர் உயிருக்கு வைக்கப்படுவதில்லை, தடத்துக்கே வைக்கப்படுகிறது. ஆக்கியோன் யாரென்று பெரும்பாலும் தெரிவதேயில்லை. பெயர் அறியாப் புலவர்களைப் பாடலின் தொடரைக் கொண்டே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் எனச் சுட்டிய தமிழ் மரபுக்கு இம்முறை அயலானதன்று.

இத்துறையை ஒழுங்குபடுத்தியவர்களுள் முதன்மையானவர் செருமானிய அறிஞர் அடால்ஃப் சைலாக்கர் (1925–2014). 1953இல் அவர் தடங்களைச் செயல் நோக்கி ஐந்தாகப் பகுத்தார். ஓய்ந்து கிடந்த தடம், ஊர்ந்த தடம், மேய்ந்த தடம், துளைத்து உண்ட தடம், குடியிருந்த தடம் என அவற்றைத் தமிழில் கூறலாம். 1967இல் ஒரு படி மேலே சென்று, தடத்தின் வகையைக் கொண்டே பழங்கடலின் சூழலையும் ஆழத்தையும் உணர வழி வகுத்தார். அலை புரளும் கரையோரத்தில் உணவு நீரில் மிதக்கிறது, மணலோ நிலைகொள்வதில்லை. அங்கு வாழும் உயிர் செங்குத்தாகக் குழி தோண்டி ஒடுங்கிக்கொண்டு நீரை வடித்து உண்கிறது. அசைவற்ற ஆழ்கடலில் உணவு சேற்றின்மேல் துகளாய்ப் படிகிறது. அங்குள்ள உயிர் தரையின்மேல் கிடையாக மேய்கிறது. மேய்ந்த இடத்தை மீண்டும் தொடாமல், படைச்சாலை ஒட்டி அடுத்த சால் ஓட்டும் உழவனைப்போல் வளைந்து வளைந்து திரும்புகிறது. பாறையில் நிற்கும் குழியும் வளைகோடும் இவ்வாறு கடலின் ஆழத்தைச் சொல்லிவிடுகின்றன.

திணை என்பதற்கு ஒழுக்கம் என்றும் பொருளுண்டு. ஒழுக்கத்தைக் கொண்டு நிலத்தை உணர்வது தமிழ் இலக்கண மாணவருக்குப் பழகிய வழி. ஐந்து என்ற எண்ணும் ஒத்து வருகிறது. அதற்காகச் சைலாக்கரைத் தொல்காப்பியரின் மாணவராக்கிவிட வேண்டியதில்லை. ஒப்புமை ஒரு பொருளை விளங்கிக்கொள்ள உதவும். உரிமை கொண்டாட உதவாது.

ஏழாயிரம்பண்ணையைச் சுற்றி இத்தகைய தடங்களைத் தேடிப் பயனில்லை. இவ்வட்டாரத்தின் கரிசலுக்கும் செவலுக்கும் அடியில் இருப்பவை சார்னோக்கைட்டும் நைஸ் பாறைகளுமே. நிலத்தின் ஆழத்தில் 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியவை அவை. பந்தல்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லும் ஒருகாலத்தில் நீரடியில் படிந்ததுதான். ஆனால் அது வெந்து படிகமாகிவிட்டது; அதில் ஏதேனும் ஊர்ந்திருந்தாலும் அத்தடம் எஞ்சவில்லை. தீயோடு தொழில் செய்யும் ஊருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எஞ்சிய தடங்களைக் காண அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் செல்ல வேண்டும். ஏறத்தாழ 11 கோடி ஆண்டு முதல் 6½ கோடி ஆண்டு வரையிலான கடற்படிவுகள் அங்கே வெளித்தெரிகின்றன. என்றி பிளான்ஃபோர்டு 1862இல் அவற்றை உட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா அவற்றின் சிப்பிகளையும் நத்தைகளையும் அம்மோனைட்டுகளையும் 1873 வரை நான்கு தொகுதிகளில் விரிவாக எழுதினார். அக்காலத்தார் தேடியது உடலைத்தான். இறால், நண்டு இனத்து உயிர்கள் தோண்டிய கிளைவளைகள் நெடுநாள் கழித்தே கவனம் பெற்றன.

தடத்தைப் படிப்பதில் உள்ள இடர் வெளிப்பட்ட இடம் இன்னும் வடக்கே, மத்தியப் பிரதேசத்தில் சோன் ஆற்றுப் பக்கம் இருக்கிறது. அங்கே விந்தியப் படிவுகளைச் சேர்ந்த சோர்ஹட் மணற்பாறையில் நெளிநெளியான வரிகள் காணப்பட்டன. சைலாக்கரும், ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்துப் பிரதீப் போசும், ஃபிரீட்ரிக் ஃப்ளூகரும் 1998இல் ‘சயின்ஸ்’ இதழில் அவற்றை வெளியிட்டனர். கடலடியில் விரிந்திருந்த நுண்ணுயிர்ப் படலத்தின் கீழே புழுப்போன்ற விலங்குகள் துளைத்துச் சென்ற தடங்கள் அவை என்றும், அவற்றின் காலம் 110 கோடி ஆண்டு என்றும் கூறினர். விலங்குகளின் ஐயமற்ற தடங்களோ 60 கோடி ஆண்டுக்கு உட்பட்டவை. செய்தி உலகெங்கும் பரவியது.

2002இல் இரு குழுவினர் அப்படிவுத் தொகுதியின் எரிமலைச் சாம்பல் படுகைகளை ஆய்ந்தனர். அவற்றிலுள்ள சிர்க்கான் மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறியிருந்த அளவைக் கொண்டு காலம் கணித்தனர். ஏறத்தாழ 160 கோடி ஆண்டு என்றது கணக்கு.

தமிழ் ஆய்வுலகில் ஒரு நூலின் காலத்தை முன்னே தள்ளினால் அதன் பெருமை கூடும் என்று எண்ணுவோர் உண்டு. சோர்ஹட்டில் நடந்தது நேர்மாறு. காலம் முன்னே சென்றதால் கூற்று வலுவிழந்தது. 50 கோடி ஆண்டாக இருந்த இடைவெளி 100 கோடியாகிவிட்டது. அவ்வளவு காலம் விலங்குகள் வாழ்ந்தும் வேறெங்கும் தெளிவான தடமொன்று விடாமல் இருந்திருக்குமா என்னும் வினாவுக்கு ஏற்ற விடை இல்லை. நுண்ணுயிர்ப் படலம் சுருங்கி வெடித்த பிளவுகளில் மணல் நிரம்பினாலும் இத்தகைய வரிகள் தோன்றக்கூடும் என்பது மறுப்பாளர் வாதம். இன்று அவற்றை விலங்குத் தடமாக ஏற்போர் மிகச் சிலரே. கோடு அழகாக நெளிகிறது என்பதற்காக அதை வரைந்த உயிர் ஒன்று இருந்தாக வேண்டும் என்பதில்லை. இதைத் தடத்துறையின் தலைமகனார் பெயர் தாங்கிய கட்டுரையைப் பார்த்தே சொன்னார்கள் என்பதுதான் அத்துறையின் ஆரோக்கியம்.

அந்த 100 கோடி ஆண்டு இடைவெளியைச் சேர்ந்த படிவுப் பாறைகள் இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சீனாவிலும் உள்ளன. அவற்றில் இதே வகை வரிகள் ஐயமறக் கிடைத்தால் வழக்கு மீண்டும் எழும். கிடைக்கும்வரை சோர்ஹட் வரிக்கு ஆக்கியோன் பெயர் இல்லை.