நெல்லிக்கனியும் முருங்கைக்கீரையும்

நெல்லிக்கனியில் சத்து மிகுதியா, முருங்கைக்கீரையில் சத்து மிகுதியா என்னும் வினா நம் இல்லங்களில் அடிக்கடி எழுவதுண்டு. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டியுள்ள எல்லைப் பகுதிகளை முன்வைத்து இவ்வினாவை இன்று சிறிது ஆராய்வோம்.

பாலக்காட்டின் வடகிழக்கில் அட்டப்பாடி மலைநாடு. இடுக்கியின் வடகிழக்கில் மறையூரும் சின்னாறும். அட்டப்பாடியின் கிழக்குப் பகுதியும் சின்னாற்றுப் பள்ளத்தாக்கும் மலைமறைவில் கிடப்பவை. கேரளத்தின் பெருமழை அங்கே முழுமையாக எட்டுவதில்லை. அதனால் அங்குள்ள இலையுதிர் காடுகளில் நெல்லி தானே வளர்கிறது. வறண்ட மண்ணில் முருங்கையும் எளிதில் வேர்கொள்கிறது. ஒன்று காட்டின் கொடை. மற்றொன்று முற்றத்தின் கொடை. பெரும்பொருள் செலவின்றிக் கிடைக்கும் இவ்விரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

எடைபோடுவதற்கு நமக்கு ஒரு தராசு வேண்டும். அத்தராசு உருவானதும் இந்த மலைகளுக்கு அண்மையிலேதான். நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918ஆம் ஆண்டில் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் உணவு ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற அய்க்ராய்ட், இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை 1937இல் வெளியிட்டார். அந்நிலையமே 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 2017இல் அந்நிறுவனம் புதிய அட்டவணை ஒன்றை வெளியிட்டது.

அதனைக் கொண்டு முதலில் நெல்லியைப் பார்ப்போம். நூறு கிராம் நெல்லிக்கனியில் ஏறக்குறைய 250 மில்லிகிராம் வைட்டமின் ஸி உள்ளது. பழைய அட்டவணைகள் 600 என்று கூறின. மரத்தின் வகை, மண், கனியின் முதிர்ச்சி, அளக்கும் முறை ஆகியவற்றுக்கேற்ப இவ்வெண் மாறும். குறைந்த எண்ணையே கொண்டாலும், முப்பது கிராம் எடையுள்ள தோட்டத்து நெல்லி ஒன்று, ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் ஸி முழுவதையும் ஏறக்குறைய அளித்துவிடும். காட்டு நெல்லி சிறியது. அதில் நான்கைந்து வேண்டியிருக்கும். ஆனால் புரதமோ நூறு கிராமில் ஒரு கிராமுக்கும் குறைவு. சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் அற்பமே. அதியமான் ஔவைக்கு அளித்த கனி என்னும் பெருமை உடையதாயினும், நெல்லி ஒன்றையே உண்டு உடலை வளர்க்க இயலாது.

இனி முருங்கைக்கீரை. நூறு கிராம் பச்சை இலையில் புரதம் ஆறு கிராமுக்கு மேல். சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். இரும்புச்சத்து நான்கு முதல் ஐந்து மில்லிகிராம். கண்ணொளிக்கு வேண்டிய வைட்டமின் ஏ ஆக உடலில் மாறும் கரோட்டினும் ஏராளம். வைட்டமின் ஸி ஏறக்குறைய 100 மில்லிகிராம் உண்டு. எனினும் அடுப்பில் வேகும்போது அதில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது.

எண்களை மட்டும் நோக்கினால் கீரையே வென்றது என்று தீர்ப்புக் கூறலாம். அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். இலையிலுள்ள இரும்பு வேறு. இரத்தத்தில் சேரும் இரும்பு வேறு. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பில் கணிசமான பங்கை நம் குடல் எளிதில் ஏற்கிறது. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூட உடலில் சேர்வது அரிது. தானியங்களில் உள்ள பைட்டேட் என்னும் பொருள் அதனைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை. கேழ்வரகுக் களியும் கீரையும் உண்ட பின்னரும் இரத்தம் ஊறாமைக்கு இது ஒரு காரணமாகும்.

இந்தப் பிடியைத் தளர்த்துவதுதான் வைட்டமின் ஸி. அது இரும்பைக் கரையும் வடிவுக்கு மாற்றிக் குடல் ஏற்கும்படி செய்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: இரண்டும் ஒரே வேளை உணவில் இருத்தல் வேண்டும். காலையில் நெல்லியும் இரவில் கீரையும் உண்டால் இப்பயன் கிட்டாது. ஆகவே நெல்லி பெரிதா, கீரை பெரிதா என்பதைவிட, இரண்டும் ஒரே இலையில் வந்தனவா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்வது தேயிலை. அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிப்போடுகிறது. மூணாறு மலைகளில் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் நம் சகோதரிகள் உணவோடு கடுந்தேநீர் அருந்தினால், உண்ட இரும்பில் ஒரு பகுதியைத் தாமே தடுத்தவர் ஆவர். தேநீரை விடவேண்டியதில்லை, உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ அருந்தினால் போதும்.

சமையலில் கவனிக்க வேண்டியவை சில. கீரையைக் கழுவிய பின்னரே உருவியும் நறுக்கியும் சேர்க்க வேண்டும். வேகவைத்த நீரைக் கொட்டலாகாது. கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஆதலால் சிறிது எண்ணெயோ தேங்காய்த் துருவலோ அவசியம். நெல்லியைப் பச்சையாகத் துவையல் அரைத்தோ, மோரில் கலந்தோ அதே உணவில் பரிமாறலாம். நெல்லியின் புளிப்பும் துவர்ப்பும் அதன் வைட்டமினை ஓரளவு காக்கின்றன. ஆகவே காய்ந்த நெல்லிமுள்ளியிலும் அச்சத்து சிறிது எஞ்சியிருக்கும். நெல்லி கிடைக்கும் காலம் பெரும்பாலும் ஐப்பசி முதல் மாசி வரைதான். மற்றை மாதங்களுக்கு நெல்லிமுள்ளி உதவும். அதுவும் இல்லையேல் எலுமிச்சையோ கொய்யாவோ அப்பணியைச் செய்யும். வட்டவடை போன்ற குளிர்ந்த உயரங்களில் முருங்கை செழிப்பதில்லை. அங்கே தண்டுக்கீரையும் பிற கீரைகளும் அதன் இடத்தை நிரப்பலாம்.

முருங்கையிலைப் பொடியைப் பற்றியும் ஒரு சொல். பொடியில் அத்தனை மடங்கு சத்து, இத்தனை மடங்கு சத்து என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. நீர் வற்றினால் மீந்த பொருளின் எண் உயர்வது இயல்பு. நாம் உண்பதோ ஒரு கரண்டிப் பொடி. முற்றத்தில் மரம் இருக்கையில் கடையில் விலைகொடுத்து வாங்குவானேன்?

இவையெல்லாம் வெறும் அடுக்களைச் செய்திகள் அல்ல. 2013ஆம் ஆண்டில் அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் குடிகளைச் சேர்ந்த பச்சிளங் குழந்தைகள் பலர் அடுத்தடுத்து மாண்டனர். தாய்மாரின் இரத்தசோகையும் குழந்தைகளின் எடைக்குறைவும் அப்போது நாடெங்கும் பேசப்பட்டன. அம்மக்கள் ஒருகாலத்தில் ராகியும் சாமையும் தினையும் துவரையும் விளைவித்துக் காட்டுக்கீரையோடு உண்டு வாழ்ந்தவர்கள். நிலம் கைமாறியபோது அந்த உணவும் கைநழுவிற்று. அங்காடி அரிசியே உணவாயிற்று. அதன்பின் சமூக உணவுக்கூடங்களும் சிறுதானியச் சாகுபடித் திட்டமும் அங்கே வந்தன. நிலத்தை இழந்தவர்க்கு ஒரு நெல்லிக்காயைக் காட்டி ஆறுதல் கூறுவது நம் நோக்கமன்று. உணவு அறிவு நிலவுரிமைக்கு ஈடாகாது.

மற்றுமோர் எச்சரிக்கையும் வேண்டும். இரத்தசோகை எல்லாம் இரும்புக் குறைவால் வருவதன்று. அட்டப்பாடிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணு இரத்தசோகை என்னும் பரம்பரை நோயும் உண்டு. அதனைக் கீரையும் கனியும் தீர்க்கமாட்டா. களைப்பும் மூச்சிரைப்பும் உள்ளவர் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கருவுற்ற தாய்மார் மருத்துவர் அளிக்கும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தலாகாது. கீரை அதற்குத் துணையே அன்றி மாற்று அன்று. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். எனவே இது மலைமக்களின் குறை மட்டுமன்று. நம் எல்லோர் வீட்டுக் குறையுமாகும்.

முருங்கை இரும்பைத் தருகிறது. நெல்லி அதனை இரத்தத்தில் சேர்க்கிறது. கீரை வைக்கும் நாளில் ஒரு துண்டு நெல்லியையும் அதே இலையில் வைப்போமாக. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் எஞ்சியதை உண்ணும் தாய்க்கும் அவ்விரண்டும் எஞ்சியிருக்குமாறு பார்த்துக்கொள்வோமாக.