கடலோரத் தோட்டத்தில் ஒரு கோடை

டில்லியில் உத்தியோகம் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் ஊருக்குப் போவது என்றே பொருள். பள்ளிக்கூடம் மூடியதும் மூட்டை கட்டி ரயில் ஏறிவிடுவோம். மலைவாசஸ்தலங்களை நாடிச் செல்வோர் பலர். நாங்கள் சென்ற கோடையில் கடற்கரையை நாடிச் சென்றோம். வேதாரணியத்துக்கு அருகே என் சிற்றப்பாவுக்கு ஐந்து ஏக்கரில் ஒரு தோட்டம் இருக்கிறது. மனைவி மக்களுடன் அங்கே மூன்று வாரங்கள் தங்கினேன். அப்பொழுது நான் அறிந்துகொண்ட ஒரு செய்தியை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ்ஸில் தெற்கே செல்லச் செல்ல வயல்கள் குறைந்து மணல் தலைகாட்டுகிறது. சிற்றப்பாவின் தோட்டமும் முழுக்க மணற்பாங்கான பூமிதான். அதில் மாவும் தென்னையும் முந்திரியும் நிற்கின்றன. வீட்டை ஒட்டி முல்லைப் பந்தல். எல்லையில் காற்றைத் தடுக்கச் சவுக்கு. கிழக்கே ஒரு மைல் நடந்தால் வங்கக் கடல். காலையில் கடற்கரை, நண்பகலில் மாநிழல், மாலையில் சிற்றன்னையுடன் முல்லை அரும்பு பறித்தல் என்று என் குழந்தைகளுக்குப் பொழுது போனதே தெரியவில்லை.

வந்த இரண்டாம் நாள் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. என் மகன் கேணியடியில் மோட்டாரைப் போட்டுவிட்டு, கொட்டுகிற தண்ணீரில் வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தான். சிற்றப்பா வந்து மோட்டாரை நிறுத்தினார். "போதும் அப்பா, கேணி கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்றார். "இவ்வளவு பெரிய கடல் பக்கத்தில் இருக்கிறதே தாத்தா, தண்ணீருக்கு என்ன பஞ்சம்?" என்று பையன் கேட்டான். அவர் சிரித்தார். "கடல் பக்கத்தில் மட்டும் இல்லை, நம் காலுக்குக் கீழேயும் இருக்கிறது. அதுதான் பயம்" என்றார்.

இது எனக்கு முற்றிலும் புதிய செய்தி அன்று. நிலத்தடி நீரைப் பற்றிய அறிக்கை ஒன்றை நான் அலுவலகத்தில் மொழிபெயர்த்திருக்கிறேன். கடலோர மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருப்பதால் அது நன்னீரைவிடச் சற்றுக் கனமானது. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்குமேல் ஓர் அடி உயர்ந்திருந்தால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். ஹெர்ஸ்பர்க் என்ற ஜெர்மானியர் 1901-இல் இக்கணக்கை வெளியிட்டார். ஹாலந்து நாட்டவர் ஒருவர் அதற்கு முன்பே இதனைக் கண்டிருந்தார். கணக்கின் மறுபக்கத்தையும் நாம் நினைக்கவேண்டும். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்புநீர் 40 அடி வரை மேலேறிவிடக்கூடும்.

இந்த நீர்ப்படலத்துக்கு 'நன்னீர் வில்லை' என்று நான் தமிழ் எழுதியிருந்தேன். சிற்றப்பாவிடம் அதைச் சொன்னேன். "வில்லை என்றால் எனக்கு விளங்கவில்லை. பால்மேல் ஏடு படர்வதில்லையா? அந்த மாதிரி. ஏட்டை மெல்ல வழித்து எடுக்கலாம். கரண்டியை அழுத்தினால் பால் மேலே வந்துவிடும்" என்றார். இருபது ஆண்டுகளாகச் சொற்களோடு பழகும் எனக்கு அன்று சற்று வெட்கமாகவே இருந்தது.

மணற்கேணியைத் தோண்டத் தோண்ட நீர் ஊறும் என்பதைக் குறளில் படித்திருக்கிறோம். கடலோரத்தில் அந்தத் தோண்டலுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் குறித்துத்தான் தந்தைக்கும் மகனுக்கும் அப்பொழுது மனத்தாங்கல் ஏற்பட்டிருந்தது.

2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரையேறியது. அந்தப் பகுதியில் எண்ணற்ற மரங்கள் வேரோடு சாய்ந்தன. சிற்றப்பா தம் தந்தை வைத்த மாமரங்களைப் பறிகொடுத்தார். தென்னையில் பாதிகூட மிஞ்சவில்லை. பிறகு கடன் வாங்கிக் கன்றுகள் நட்டார்கள். என் தம்பி, அதாவது சிற்றப்பாவின் மகன், அந்தக் கன்றுகளைக் காப்பாற்ற ஆழ்குழாய்க் கிணறு போட எண்ணி, துளையிடுபவருக்கு முன்பணமும் கொடுத்துவிட்டான். "அண்ணா, பழைய கேணி ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கன்று வாடினால் கடனை யார் கட்டுவது?" என்று என்னிடம் கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

சிற்றப்பா வாதாடவில்லை. எங்களைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஆழ்குழாய் போட்டு மூன்றாண்டுகள் ஆகின்றன. மாவிலைகளின் நுனியும் ஓரமும் நெருப்பில் வாட்டியதுபோல் கருகியிருந்தன. அவ்வீட்டார் குடிநீரை விலைக்கு வாங்குகிறார்கள். இரு தோட்டத்து நீரையும் சோதனைச்சாலைக்கு அனுப்பினோம். அங்குள்ள நீர் பாசனத்துக்கு ஆகாதென்று முடிவு வந்தது. எங்கள் கேணி நீர் பரவாயில்லை. ஆனால் பழைய சோதனைச் சீட்டில் இருந்ததைவிட அதிலும் உப்பு கூடியிருந்தது. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. தினமும் காலையில் ஒரு கை அள்ளி ருசி பார்க்கும் சிற்றப்பா மட்டும் தலையசைத்தார். மேலே வேலிகள் உண்டு, பட்டாக்கள் உண்டு. அடியிலிருக்கும் ஏட்டுக்கு வேலி ஏது?

அன்று மாலை அகத்தியம்பள்ளி உப்பளங்களுக்குப் போனோம். 1930 ஏப்ரல் 30-ஆம் நாள் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த இடம் அது. பாத்திகளில் வெள்ளை உப்பு குவிந்திருந்தது. அதே வெயில், அதே கடல். உப்பு வேண்டுமென்று ஒரு தலைமுறை போராடிய மண்ணில், உப்பு வந்துவிடக் கூடாதே என்று ஓர் உழவர் அன்றாடம் கவலைப்படுவதை எண்ணிப் பார்த்தேன்.

நாங்கள் புறப்படுவதற்குமுன் தம்பி முன்பணத்தைத் திருப்பிக் கேட்டான், பாதிதான் கிடைத்தது. கன்றுகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டு, பாத்தியில் தென்னை மட்டையும் சருகும் பரப்பினான். மோட்டார் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மட்டும் ஓடுகிறது. வடகிழக்குப் பருவமழை நீரை மணலில் இறக்குவதற்குத் தோட்டத்தின் பள்ளத்தில் ஒரு குட்டையும் வெட்டத் தொடங்கினான். ஆனால் ஒரு தோட்டம் மட்டும் அடக்கமாக இருந்து பயனில்லை. ஆகவே அண்டை அயலாரைத் திண்ணைக்கு அழைத்துப் பேசினார்கள். இருவர் இசைந்தார்கள், ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார், ஆழ்குழாய் போட்டவர் வரவே இல்லை. காரியம் இன்னும் அந்த நிலையில்தான் இருக்கிறது.

டில்லிக்குத் திரும்பிய மறுநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. தெருவில் லாரி வந்து நின்றது. குடத்துடன் வரிசையில் நின்ற என் மகன், "இந்தத் தண்ணீர் எந்தக் கேணியிலிருந்து வருகிறது, அப்பா?" என்று கேட்டான். விடுமுறைக்கு முன்பு இந்தக் கேள்வி அவனுக்கும் தோன்றியதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. ஆயிரக்கணக்கான மைல்கள் பிரயாணம் செய்ததற்கு அந்த ஒரு கேள்வியே போதும் என்று நினைக்கிறேன்.