கேள்வி கேட்கக் கூடாத பாடம்



அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்று ஒரு சிற்றூர். 2004 அக்டோபரில் அந்த ஊரின் பள்ளிக் குழு ஒரு தீர்மானம் போட்டது. ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் டார்வினின் பரிணாமக் கொள்கையைத் தொடங்கும் முன், மாணவர்களுக்கு ஓர் அறிக்கையை வாசித்துக் காட்ட வேண்டும். டார்வின் சொன்னதில் ஓட்டைகள் உண்டு, அறிவுள்ள ஏதோ ஒன்று உயிர்களைத் திட்டமிட்டு வடிவமைத்தது என்ற கருத்தும் உண்டு, அதை அறிய விரும்பினால் புத்தகம் வைத்திருக்கிறோம். அறிக்கையின் சாரம் இவ்வளவுதான்.

கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? இரண்டையும் சொல்வோம், பிள்ளைகளே முடிவு செய்துகொள்ளட்டும். நம் ஊரிலும் அடிக்கடி காதில் விழுகிற பேச்சுதான்.

ஆனால் அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்துவிட்டார்கள். 2005 ஜனவரியில் நிர்வாகத்தினரே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். வாசித்த பிறகு மாணவர்கள் கேள்வி கேட்க அனுமதி இல்லை. வீட்டில் பேசிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். ஒளிச்சேர்க்கை நடத்தும்போது ஒரு பையன் எழுந்து, "இலையில மாவுச்சத்து இருக்குன்னு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டால், ஆசிரியர் ஓர் இலையைப் பறித்துவரச் சொல்வார். ஆல்கஹாலில் சூடாக்கிப் பச்சையம் நீக்கி, வெளுத்த இலையில் அயோடினைச் சொட்டுவார். இலை கருநீலமாகும். அவ்வளவுதான், பையன் உட்கார்ந்துவிடுவான். அறிவியல் வகுப்பில் நம்பிக்கையையும் பாடமாக்கினால் அதே பையனின் வாயை அடைக்க வேண்டியிருக்கிறது.

குழுவின் தீர்மானத்தை எதிர்த்துப் பதினொரு பெற்றோர் முன்பே வழக்குப் போட்டிருந்தார்கள். அறிக்கை சொன்ன புத்தகத்தின் பழைய வரைவுகள் நீதிமன்றத்துக்கு வந்தன. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் படைப்புவாதத்தைப் பள்ளிகளில் திணிக்கும் சட்டம் செல்லாது என்று சொன்ன பிறகு, வரைவில் 'படைப்பு' இருந்த இடங்களிலெல்லாம் 'வடிவமைப்பு' வந்து உட்கார்ந்திருந்தது. ஆள் அதேதான், சட்டை மட்டும் வேறு! குழுவின் தரப்பில் சாட்சி சொன்ன உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி, தம்முடைய வரையறைப்படி பார்த்தால் சோதிடமும் அறிவியல் கொள்கைதான் என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் பெற்றோருக்குச் சாதகமாக 139 பக்கத் தீர்ப்பு எழுதினார்.

சோதிடம் என்றதும் நம் நாட்டு வழக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2001இல் சோதிடத்துக்குப் பட்டப்படிப்பு தொடங்க வழிவிட்டது. விஞ்ஞானி பி. எம். பார்கவா உச்ச நீதிமன்றம் வரை போனார். பாடத்திட்டம் கல்வி நிபுணர்களின் விஷயம், நாங்கள் தலையிட மாட்டோம் என்று 2004இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. விரும்பிச் சேருகிற பெரியவர்கள் எதையும் படிக்கட்டும். அதற்கு அறிவியல் முத்திரை எதற்கு என்பதுதான் என் கேள்வி. பள்ளிப் பிள்ளைக்கோ அந்த விருப்பமும் கிடையாது. வாத்தியார் சொல்வதைத்தான் அது பரீட்சையில் எழுதும்.

அதற்காக நம்பிக்கைகளைப் பள்ளியிலிருந்தே துரத்த வேண்டுமா? கம்பராமாயணமும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் தமிழ் வகுப்பில் இருக்கத்தானே இருக்கின்றன. அனுமன் கடல் தாண்டிய வேகத்தை யாரும் கணக்குப் போடச் சொல்வதில்லை. டோவர் வழக்கில் நீதிபதி ஜோன்ஸும் வடிவமைப்புக் கருத்தை யாரும் ஆராயவே கூடாது என்று சொல்லவில்லை. அறிவியல் வகுப்பில் பரிணாமத்துக்கு மாற்றாக அதைக் கற்பிப்பதைத்தான் தடுத்தார்.

சரி, நம்பிக்கை தானாகவே அறிவியல் வகுப்புக்குள் நுழைந்தால்? 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கமெல்லாம் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. அப்படியொரு நாளில், "கிரகணத்தப்போ சோறு விஷமாயிடும்னு பாட்டி சொல்றாங்க டீச்சர்" என்று ஒரு சிறுமி சொல்லலாம். பாட்டியைக் கேலி செய்ய வேண்டாம். கிரகண நேரத்தில் ஒரு கிண்ணம் சோற்றையும், மறுநாள் அதே நேரத்தில் அதே அளவு புதுச்சோற்றையும் மூடி வைத்து, எது சீக்கிரம் கெடுகிறது என்று பார்க்கச் சொல்லலாம். பாட்டியும் கூட இருந்து முகர்ந்து பார்க்கட்டும். சோறு கெட்டதைக் கண்டுபிடிப்பதில் டீச்சரைவிட அவருக்கு அனுபவம் அதிகம்.