மருத்துவருக்குத் துணை நிற்போர்



கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சீர்செய்யும் முறை. 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டி. டி. பால்மர் என்பவர் இதனைத் தொடங்கினார். மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்துக்கு உட்பட்ட துறைகளுள் இதுவும் ஒன்று. ஆனால் சிகிச்சை நிலையத்தில் நீங்கள் முதலில் சந்திப்பது மருத்துவரை அல்ல, உதவியாளரைத்தான். அவரைப் பழக்கும் பொறுப்பைப் பற்றியே பேச வந்தேன்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பணி செய்பவரையும் நான்காவது கூறாக வைத்திருக்கிறது. உதவியாளர் வெறும் எடுபிடி அல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

உதவியாளருக்கு முதலில் கற்பிக்க வேண்டியது எல்லை. விவரங்களைப் பதியலாம், மேசையில் படுக்க உதவலாம், சொல்லிக் கொடுத்த பயிற்சியை நினைவூட்டலாம். எலும்பைத் திருத்தக் கூடாது. நோய் இன்னதென்று சொல்லக் கூடாது. “தங்கச்சி, டாக்டர் வர நேரமாகும் போலிருக்கே, நீயே கழுத்தைக் கொஞ்சம் திருப்பி விடேன்” என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. “அது என் வேலை இல்லைங்க ஐயா, டாக்டர் வந்து பார்ப்பார்” என்று பணிவாக மறுக்கத் தெரிய வேண்டும்.

அடுத்தது, ஆபத்தின் அடையாளங்கள். முதுகுவலியோடு வந்தவர் சிறுநீர் கழிக்க முடியவில்லை, அல்லது அடக்க முடியவில்லை, தொடையின் உட்புறம் மரத்துவிட்டது என்றால், எண் கொடுத்து உட்கார வைக்கக் கூடாது. நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தாமதித்தால் அந்தக் குறை நிரந்தரமாகலாம். திடீர்க் கழுத்துவலியுடன் தலைச்சுற்றல், நாக்குழறல் இருந்தாலும் அப்படியே. நீரிழிவால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது. கேட்காமல் ஒத்தடம் வைத்தால் புண்ணாகிவிடும்.

இவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. முதலில் பார்க்க வைக்க வேண்டும். பிறகு பக்கத்தில் நின்று செய்ய வைக்க வேண்டும். அதன் பின்பே தனியே விட வேண்டும். விட்ட பிறகும் கண்காணிப்பு வேண்டும். வாரம் ஒரு முறை பதிவேட்டை எடுத்து, ஒன்றாக உட்கார்ந்து பேசினால் பல குறைகள் தெரியவரும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. கூட்டம் நிறைந்த சனிக்கிழமையில், சந்தேகத்தோடு கதவைத் தட்டும் உதவியாளரைச் சிடுசிடுக்கக் கூடாது. ஒரு முறை திட்டு வாங்கியவர் மறுமுறை தட்டமாட்டார். அந்த மறுமுறைதான் ஓர் உயிரின் பிரச்சினையாக இருக்கக்கூடும். பத்து முறை வீணாகத் தட்டினாலும், “கேட்டது நல்லது” என்று சொல்லுங்கள்.

நன்கொடையாளர்களே, இலவச மருத்துவ முகாமுக்கு நீங்கள் மேசையும் கருவியும் வாங்கித் தருகிறீர்கள். இனி, “உதவியாளர்களை யார் பழக்குகிறார்கள்?” என்றும் உரிமையோடு கேளுங்கள். அந்தப் பயிற்சிக்குக் கொடுப்பதும் அறமே.