மரியாதையா பேசினேன், பாட்டி முகம் வாடிடுச்சு

ஜெர்மனியில மூணு வருஷம் இருந்துட்டு ஸ்வீடன் போனேன். அங்க வீடு 'ஹவுஸ்', இங்க 'ஹூஸ்'. ரெண்டும் அக்கா தங்கச்சி மொழிதானேன்னு ஒரு தைரியம்.

ஜெர்மன்ல நீ 'டு', நீங்க 'ஸீ'. அதே பழக்கத்துல பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட ஸ்வீடிஷ்ல 'நி' போட்டுப் பேசினேன். முகம் வாடிடுச்சு.

விசாரிச்சா, அந்தக் காலத்தில் பெரியவர்களைப் பட்டம், பதவி சொல்லித்தான் அழைக்க வேண்டுமாம். 'நி' தனக்குக் கீழே இருப்பவர்களுக்கு! 1967-ல் சுகாதார வாரியத்தின் தலைவரான ப்ரூர் ரெக்செட், ஊழியர்கள் எல்லாரையும் 'டு'ன்னே அழைப்பேன் என்று அறிவித்தார். சீக்கிரமே நாடே அப்படி மாறிடுச்சு, ராஜ குடும்பம் மட்டும் விதிவிலக்கு.

மறுநாள் 'டு'ன்னேன். நாக்கு கூசுச்சு. பாட்டி சிரிச்சுட்டு காபிக்கு உள்ள கூப்பிட்டாங்க.