பெட்டி ஒன்றுதான், சில்லு வேறு!

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அங்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் 1972ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கொள்கலனுக்குள் இருப்பது அரிசியா, ரப்பரா என்று பாரந்தூக்கி கேட்பதில்லை. பெட்டியின் அளவு சரியாக இருந்தால் கப்பலும் ஏற்கும், லாரியும் ஏற்கும்.

2013இல் வெளிவந்த டாக்கர் என்னும் மென்பொருள், இதே எண்ணத்தைக் கணினி உலகில் பரவச் செய்தது. ஒரு நிரலையும் அதற்குத் தேவையான துணைக் கோப்புகளையும் ஒரே பெட்டியில் கட்டிவிட்டால், எந்தக் கணினியிலும் ஓட்டலாம் என்றார்கள்.

அது பாதி உண்மைதான். துறைமுகப் பெட்டிக்குள் இருப்பதைக் கப்பல் படிக்க வேண்டியதில்லை. மென்பொருள் பெட்டிக்குள் இருக்கும் கட்டளைகளையோ கணினியின் சில்லு ஒவ்வொன்றாகப் படித்தாக வேண்டும். சில்லுகள் பேசும் மொழி ஒன்றல்ல.

டாக்கர் வந்த காலத்தில் இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. இன்டல் 1978இல் வெளியிட்ட 8086 சில்லின் வழிவந்த எக்ஸ்86 இனமே அப்போது மேசைக் கணினிகளிலும் சர்வர்களிலும் கோலோச்சியது. கைப்பேசிகளில் இருந்த ஆர்ம் இனம் பிறகு மெல்ல இந்தப் பக்கம் வந்தது. அமேசான் 2018இல் கிராவிட்டன் என்ற ஆர்ம் சில்லைத் தன் வாடகைச் சர்வர்களில் அறிமுகப்படுத்தியது. ஆப்பிள் 2020இல் எம்1 சில்லுடன் கணினிகளை வெளியிட்டது.

இப்போது ஒரு மாணவரின் மடிக்கணினி ஆர்ம் இனமாகவும், அவர் வாடகைக்கு எடுக்கும் சர்வர் எக்ஸ்86 இனமாகவும் இருக்கலாம். தன் கணினியில் நன்றாக ஓடிய பெட்டியை அங்கே ஏற்றினால், 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்ற ஒரே வரியோடு அது நின்றுவிடும்.

இதற்கு வழி இரண்டு. முதலாவது, மொழிபெயர்ப்பாளரை இடையில் வைப்பது. ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட க்யூஎமு அந்த வேலையைச் செய்கிறது. ஒரு சில்லின் கட்டளையை மற்றொன்றின் மொழிக்கு மாற்றித் தரும். சோதித்துப் பார்க்க நல்லது. ஆனால் வேகம் குறையும். அன்றாட வியாபாரத்தை அதன் தோளில் ஏற்ற முடியாது.

இரண்டாவது, மூல நிரலிலிருந்து ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனிப் பெட்டி கட்டுவது. இரண்டையும் ஒரே பெயரில் வைத்துவிடலாம். கேட்கும் கணினிக்கு ஏற்ற பெட்டி தானாகவே போய்ச் சேரும். இதுவே நிலையான வழி.

"பைத்தானில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லையே?" என்று சிலர் கேட்கலாம். பைத்தானுடன் சேர்க்கும் துணை நிரல்கள் பல, சி மொழியில் எழுதிச் சில்லுக்கு ஏற்ப மாற்றப்பட்டவை. அவையும் இரு இனங்களுக்கும் கிடைக்க வேண்டும். மேலும், நினைவகத்தில் எழுதும் வரிசையைப் பற்றி ஆர்ம் தரும் உறுதி, எக்ஸ்86 தருவதைவிடத் தளர்வானது. ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும் நிரலில் ஒளிந்திருந்த பிழை, சில்லு மாறியதும் வெளிப்படலாம். எனவே, கட்டினால் மட்டும் போதாது. இரண்டிலும் சோதிக்க வேண்டும்.

இது கணினி வல்லுநர்களின் பிரச்சினை மட்டுமன்று. ஒரு சிறு நிறுவனம் கணக்கு மென்பொருளை வாங்குகிறது. கட்டிய பெட்டி மட்டுமே கையில் இருக்கிறது. மூல நிரல் இல்லை. எழுதிக் கொடுத்தவர் தொழிலை மூடிவிட்டார் என்றால், புதிய சர்வருக்கு மாறும் நாளில் அந்த நிறுவனம் மொழிபெயர்ப்பாளரின் தயவில்தான் வாழ வேண்டும்.

அந்தத் தயவும் நிரந்தரமன்று. ஆப்பிள் 2006இல் இன்டல் சில்லுக்கு மாறியபோது, பழைய நிரல்களுக்காக ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பு வசதியைத் தந்தது. 2011இல் அதை எடுத்துவிட்டது. அதுவரை மாறாத நிரல்கள், புதிய இயங்குதளத்தில் ஓடாமல் போயின.

ஆகவே, மென்பொருள் வாங்கும் அன்பர்கள் விலையைப் பேசும்போதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எந்தச் சில்லுக்குக் கட்டப்பட்டது? இரண்டிலும் சோதித்தீர்களா? மூல நிரல் எங்களுக்கும் கிடைக்குமா? இவற்றுக்கான பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.